ஸ்டாண்டு வைக்கும் முன்

மொரப்பூரில் கடல் இல்லை. ரயில் நிலையத்தில் நின்று நேர் கிழக்கே ஒரு கோடு இழுத்தால், அது திருவண்ணாமலை மாவட்டத்தையும் விழுப்புரம் மாவட்டத்தையும் கடந்து புதுச்சேரிக்குப் பக்கத்தில்தான் உப்புத் தண்ணீரைத் தொடும். நேர்கோட்டிலேயே ஏறக்குறைய 160 கிலோமீட்டர். தர்மபுரி மாவட்டத்துக்காரர்களுக்குத் தண்ணீர்க் காட்சி என்றால் ஒகேனக்கல்தான்.

இருந்தாலும், மொரப்பூர்ப் பக்கத்து இளைஞர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு படம் எடுக்கக் கிளம்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கதாநாயகன் மொரப்பூரில் ரயில் ஏறுகிறான். கடைசிக் காட்சியில், பிறந்ததில் இருந்து முதல்முறையாகக் கடலைப் பார்க்கிறான். இரண்டு பக்கத்தில் எழுதிவிடக்கூடிய கதை. இதை முறைப்படி படமாக்க அவர்கள் யார் யாரிடம் போய் நிற்க வேண்டும்?

கடலுக்குப் போவதற்கு முன்பே முதல் கையெழுத்து தேவைப்படும். மொரப்பூர் நிலையம் தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டத்தில் இருக்கிறது. பிளாட்பாரத்தில் கேமராவை நிறுத்த, நிலைய அதிகாரி தலையாட்டினால் போதாது. ரயில்வே நிர்வாகத்துக்கு எழுத்துமூலம் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, காப்பீட்டுத் தாளையும் காட்ட வேண்டும். ஓடுகிற ரயிலே வேண்டும் என்றால் பெட்டிகளுக்கும் எஞ்சினுக்குமான வாடகைக் கணக்கு தனியாகத் தொடங்கும். தமிழ் சினிமாவில் காதலர்கள் தவறவிட்ட ரயில்களுக்குப் பின்னால் எத்தனை விண்ணப்பங்கள் கிடக்கின்றனவோ, யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

ஆனாலும் ரயில் நிலையத்தில் ஒரு வசதி உண்டு. இடத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர்தான். கடற்கரையில் அந்த வசதி கிடையாது.

கையில் செல்போனை வைத்துக்கொண்டு அலையைப் படம் பிடிப்பவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. மூன்று கால் ஸ்டாண்டு மணலில் இறங்கியதும்தான் “பெர்மிஷன் இருக்கா?” என்ற கேள்வி வரும். ரிஃப்ளெக்டரும் ஜெனரேட்டர் வேனும் வந்து நின்றால், கேட்பவர்கள் இரண்டு மூன்று பேராகிவிடுவார்கள். அவர்கள் ஒரே துறையைச் சேர்ந்தவர்களாகவும் இருக்கமாட்டார்கள்.

மணல்வெளி, வருவாய்த்துறைக் கணக்கில் பெரும்பாலும் புறம்போக்கு. அங்கே குப்பை அள்ளுவதும் விளக்குப் போடுவதும் மாநகராட்சியோ பேரூராட்சியோ ஊராட்சியோ. கூட்டத்தையும் வண்டிகளையும் பார்ப்பது காவல்துறை. மீன்பிடித் துறைமுகம் மீன்வளத்துறையின் பொறுப்பு. சிறு துறைமுகங்களுக்குத் தமிழ்நாடு கடல்சார் வாரியம். சென்னை, எண்ணூர், தூத்துக்குடி ஆகிய பெருந்துறைமுகங்கள் மத்திய அரசைச் சேர்ந்தவை. கலங்கரை விளக்கத்தின் மேல் ஏறிக் காட்சி வைக்க ஆசைப்பட்டால், அதற்கென்றே மத்திய அரசில் தனி இயக்ககம் இருக்கிறது. கரை மாமல்லபுரத்துக் கரையாக இருந்து, காட்சி கடற்கரைக் கோயில் வளாகத்தில் நடப்பதாக இருந்தால் இந்தியத் தொல்லியல் துறையும் சேர்ந்துகொள்ளும். 1984 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் இடம் அது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களில் படமெடுக்க 1959-ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் பெற வேண்டும். ‘பம்பாய்’ படத்தில் மழையும் கடலுமாக வரும் பேக்கல் கோட்டைகூட அந்தத் துறையின் கண்காணிப்பில் உள்ளதுதான்.

இந்தப் பங்காளிகள் கூட்டம் எவ்வளவு பெரிது என்று ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் பாம்பனுக்குப் போகலாம்.

1988-இல் திறக்கப்பட்ட சாலைப் பாலத்தின் மேல் ஒருவன் நின்று கடலைப் பார்க்கிறான். காட்சி அவ்வளவுதான். அவன் நிற்பது தேசிய நெடுஞ்சாலை. அவனுக்குப் பின்னால் ஒரு பக்கம் 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம், அதன் அருகிலேயே 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய தூக்குப் பாலம். இரண்டும் ரயில்வேயின் சொத்து. கீழே கால்வாயில் கப்பல் போகும் வழி துறைமுக அதிகாரியின் கண்காணிப்பில். கேமராவைச் சற்றுத் தெற்கே திருப்பினால் குருசடைத் தீவு. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் அடங்கிய 21 தீவுகளில் அதுவும் ஒன்று, எனவே வனத்துறை. ட்ரோனை மேலே ஏற்ற நினைத்தால், மண்டபத்தில் கடலோரக் காவல்படை நிலையமும் உச்சிப்புளியில் கடற்படையின் விமானத் தளமும் இருப்பதை மறந்துவிட முடியாது. இலங்கையுடனான கடல் எல்லையும் அதிகத் தொலைவில் இல்லை. ஒருவன் சும்மா நின்று கடலைப் பார்ப்பதற்கு இத்தனை பேர் சம்மதிக்க வேண்டியிருக்கிறது. சுற்றுலா வந்தவர்கள் அதே பாலத்தில் வண்டியை நிறுத்தி நாள் முழுக்க வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் உண்மைதான்.

இந்த அலைச்சலைக் குறைக்கத்தான் ஒற்றைச் சாளரம் என்ற ஏற்பாடு வந்தது. மாநில அரசின் இடங்களில் படப்பிடிப்பு நடத்த, செய்தி மக்கள் தொடர்புத் துறை வழியாக விண்ணப்பிக்கலாம். மத்திய அரசு 2015-இல் தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் கீழ் திரைப்பட வசதி அலுவலகம் ஒன்றைத் தொடங்கியது. வெளிநாட்டுக் குழுக்களுக்காகத் தொடங்கி, பிறகு உள்நாட்டுத் தயாரிப்பாளர்களுக்கும் அதன் கதவு திறந்தது. இப்போது ‘இந்தியா சினி ஹப்’ என்ற பெயரில் இணையவழி இயங்குகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் சாளரத்துக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்குத்தான் அது ஒற்றை. அந்தப் பக்கம் கோப்பு பழையபடி மேசை மேசையாகத்தான் போய்வர வேண்டும். பெரிய கம்பெனியின் புரொடக்‌ஷன் மேனேஜருக்கு எந்த மேசையில் கோப்பு தூங்குகிறது என்பது தெரிந்திருக்கும். மொரப்பூரில் இருந்து போகிறவர்களுக்கு மேசை இருக்கும் கட்டடமே தெரியாது.

இத்தனை அனுமதிகளும் வெறும் சம்பிரதாயமா என்றால், இல்லை. கடற்கரையில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தாய்லாந்தில் ஒரு பழைய வழக்கு இருக்கிறது.

லியோனார்டோ டிகாப்ரியோ நடித்து 2000-இல் வெளிவந்த ‘தி பீச்’ படத்துக்காக, 1999-இல் ஹாலிவுட் நிறுவனம் ஒன்று பி பி தீவுகளில் உள்ள மாயா விரிகுடாவில் இறங்கியது. தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் கரை அது. படக்குழுவின் கண்ணுக்கு அந்தக் கரை போதுமான அளவு சொர்க்கமாகத் தெரியவில்லை. மணல் மேட்டைச் சமன்செய்தார்கள், அங்கே வளர்ந்திருந்த செடிகளை அகற்றினார்கள், தென்னை மரங்களைக் கொண்டுவந்து நட்டார்கள். இத்தனைக்கும் அரசு அனுமதி இருந்தது. படம் முடிந்ததும் பழையபடி ஆக்கித் தருகிறோம் என்றார்கள். ஆனால் மணலைப் பிடித்து நிறுத்தியிருந்தவை அந்தச் செடிகளின் வேர்கள். உள்ளூர் நிர்வாகமும் மக்களும் வழக்குப் போட்டார்கள். 2022-இல்தான் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் வழக்கு முடிந்தது. கரையைச் சீரமைக்கும் பொறுப்பு வனத்துறைக்கு வந்தது. படநிறுவனம் ஒரு கோடி பாட் தர ஒப்புக்கொண்டது. படம் பார்த்துவிட்டு வந்த கூட்டத்தைத் தாங்க முடியாமல் 2018-இல் விரிகுடாவையே மூட வேண்டியிருந்தது தனிக்கதை. அனுமதி கொடுத்த அதிகாரியும் தவறு செய்யக்கூடும் என்பது இந்த வழக்கில் பலரும் கவனிக்காமல் விடும் செய்தி.

இந்தியாவில் இதைத் தடுக்கத்தான் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை இருக்கிறது. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1991-இல் முதலில் வந்தது. 2011-இலும் 2019-இலும் திருத்தி எழுதப்பட்டது. கடல் ஏற்றத்தின்போது தண்ணீர் வந்து தொடும் கோட்டில் இருந்து நிலத்துப் பக்கம் 500 மீட்டர் வரை பொதுவாக இந்த மண்டலம். சதுப்பு நிலக் காடு, பவளப்பாறை, ஆமை முட்டையிடும் கரை ஆகியவை அதில் முதல் வகைக்குள் வருகின்றன. நடந்து போகும் கதாநாயகனை இந்த அறிவிக்கை தடுக்காது. மணல் மேட்டைக் கலைத்து, மரம் நட்டு, குடிசை செட் போட்டு, போகிற வழிக்கு மண் கொட்டிப் பாதை போடும்போதுதான் அது குறுக்கே வரும். எளிய வழி ஒன்று உண்டு: கரையைக் கதைக்கு ஏற்ப மாற்றாமல், கதைக்கு ஏற்ற கரையைத் தேடிப் போவது.

ஆமைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மீனவர்கள் பங்குனி ஆமை என்று சொல்லும் சிற்றாமைகள் சென்னைக் கரையிலும் நாகப்பட்டினக் கரையிலும் முட்டையிட வருவது பெரும்பாலும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. மழை ஓய்ந்து, வானம் தெளிந்து, வெயிலும் கொளுத்தாத அந்த மாதங்கள்தான் அவுட்டோர் யூனிட்டுகளுக்கும் பிடித்தவை. முட்டையை உடைத்து வெளியே வரும் குஞ்சு, இருட்டில் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் ஓடும். இயற்கையாக அது கடலின் பளபளப்பு. நாலு பெரிய லைட்டுகள் சாலைப் பக்கம் எரிந்தால் குஞ்சுகள் சாலைக்குப் போகும். சென்னையில் 1988 முதல் மாணவர்கள் இரவு நேரங்களில் கரையோரம் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காக்கிறார்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிரினம் இது; புலிக்குக் கிடைக்கும் அதே பாதுகாப்பு. இரவுக் காட்சி வேண்டும் என்று கேட்டதும் வனத்துறை அதிகாரியின் முகம் ஏன் மாறுகிறது என்பதற்குக் காரணம் இதுதான்.

சரணாலயத்துக்குள்ளும் தேசியப் பூங்காவுக்குள்ளும் படமெடுக்கத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். 2022-ஆம் ஆண்டுத் திருத்தம், வாழிடத்தில் எந்த மாற்றமும் செய்யாமல் படமெடுக்க வேண்டும் என்பதையும் சட்டத்திலேயே எழுதிவிட்டது. எல்லைகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் 2022-இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. தனுஷ்கோடியில் 2025 ஜூன் மாதம் பூநாரைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 1964 புயலில் இடிந்த தேவாலயச் சுவரையும் வெள்ளை மணலையும் தேடி எத்தனையோ படக்குழுக்கள் போன ஊர் அது. ஐந்து வருடத்துக்கு முன் படமெடுத்த நண்பர் சொன்ன வழியை நம்பி இன்றைக்குப் போய் இறங்கினால் சிக்கல்தான்.

பெரிய படங்களும் இதில் இருந்து தப்பியதில்லை. 2023 ஏப்ரலில் தென்காசி மாவட்டத்தில், களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய பகுதியில் ‘கேப்டன் மில்லர்’ படப்பிடிப்பு நடந்தபோது, உரிய அனுமதி இல்லை என்று மாவட்ட நிர்வாகம் அதை நிறுத்தியது. குண்டு வெடிக்கும் காட்சியும் இரவு விளக்குகளும் விலங்குகளைக் கலைக்கின்றன என்ற புகார் அதற்கு முன்பே கிளம்பியிருந்தது. பிறகு அனுமதி பெற்றுப் படப்பிடிப்பு தொடர்ந்தது. நடந்தது மலையடிவாரத்தில் என்றாலும் கடற்கரைக்கும் இதே பாடம்தான். தனுஷ் நடிக்கும் படத்தையே நிறுத்தும் ஒரு தாள், ஐந்தாறு பேர் எடுக்கும் படத்தை எவ்வளவு நேரத்தில் நிறுத்தும்?

இனி, எந்த இணையதளத்திலும் விண்ணப்பிக்க முடியாத அனுமதி.

குமரி மாவட்டத்து முட்டத்தைத் தமிழ்நாட்டுக்குத் தெரியவைத்தவர் பாரதிராஜா. ‘அலைகள் ஓய்வதில்லை’ 1981-இலும் ‘கடலோரக் கவிதைகள்’ 1986-இலும் அந்தப் பாறைகளைத் திரைக்குக் கொண்டுவந்தன. தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டுக்கு 2012-இல் ‘நீர்ப்பறவை’, 2013-இல் மணிரத்னத்தின் ‘கடல்’. இரண்டு ஊர்களும் மீனவ ஊர்கள். படத்தில் அழகாகத் தெரியும் அந்த மணல், அங்கே வாழ்கிறவர்களுக்கு வேலை செய்யும் இடம். வலை உலர்த்துவதும், கிழிந்த வலையைப் பின்னுவதும், மீனை ஏலம் விடுவதும், கருவாடு காயப்போடுவதும் அங்கேதான். கரைவலை இழுக்கிற நேரத்தில் குறுக்கே டிராலி தண்டவாளம் போட்டால் ஒரு குடும்பத்தின் அன்றைய வருமானம் போய்விடும்.

ஆகவே கலெக்டர் ஆபீஸ் தாளோடு போய் இறங்கினாலும், ஊரில் பேசாமல் வேலை நடக்காது. சென்னையில் இருந்து நாகப்பட்டினம் வரையுள்ள கரையில் ஊர்ப் பஞ்சாயத்தும் நாட்டார்களும் இருக்கிறார்கள். தெற்கே போனால் ஊர்க் கமிட்டியும் பங்குத்தந்தையும். அவர்களிடம் பேசும்போது தேதி தானாகவே திருத்தப்படும். ஊர்த் திருவிழாவாக இருக்கும், அல்லது ஊரில் ஒரு சாவு விழுந்திருக்கும். கிறிஸ்தவ மீனவ ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்பதால் படகு கரையில் இருக்கும். ஆனால் பூசை முடியும் வரை மைக் போடக் கூடாது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாட்களில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும், வாடகைக்குக் கேட்கவும் சௌகரியம், வருமானம் இல்லாத வீட்டுக்கும் ஒரு உதவி. குமரியின் மேற்குக் கரையில் அந்தத் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நாட்காட்டியை இப்படிப் பார்க்கத் தெரிந்த லொகேஷன் மேனேஜர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

ஊருக்குக் கொடுக்கும் பணத்தைச் சிலர் மாமூல் என்று முகம் சுளிப்பார்கள். ஒரு நாள் தொழில் நின்றதற்கான கூலியை, ரசீது இல்லை என்பதற்காக மாமூல் என்று சொல்வது நியாயமாகப் படவில்லை. கோயிலுக்கு, கமிட்டிக்கு என்று தனித்தனியாக நாலு பேர் வந்து கேட்கும் ஊர்களும் இருக்கின்றன என்பதையும் மறுப்பதற்கில்லை. யாரிடம், எவ்வளவு, எதற்காக என்பதை முதல் நாளே பஞ்சாயத்தின் முன்னால் பேசி எழுதிவைத்துக்கொள்வதுதான் இரு தரப்புக்கும் மரியாதை.

சில்லறை விஷயங்களும் உண்டு. ட்ரோனுக்கு 2021-ஆம் ஆண்டு விதிகள் நாட்டைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்திருக்கின்றன. பச்சைப் பகுதியில் 400 அடி உயரம் வரை தனி அனுமதி தேவையில்லை. கல்பாக்கம், கூடங்குளம் போன்ற இடங்களின் பக்கம் அதை எடுத்துக்கொண்டே போகாமல் இருப்பது நல்லது. கதாநாயகனோடு ஒரு நாய் கரையில் ஓட வேண்டும் என்று இயக்குநர் கேட்டால், 2001-ஆம் ஆண்டு விதிகளின்படி விலங்குகள் நல வாரியத்துக்கு முன்கூட்டியே எழுத வேண்டும். இல்லையென்றால் தணிக்கையின்போது அந்தக் காட்சி மாட்டிக்கொள்ளும். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை. அசிஸ்டென்ட் டைரக்டர் தொண்டையைத்தான் நம்ப வேண்டும்.

கடல் கொடுக்காத அனுமதியை யாரும் வாங்கித் தர முடியாது. 2024 மே 6 அன்று குமரி மாவட்டத்துக் கணபதிபுரம் கடற்கரையில், வானம் தெளிவாக இருந்த நாளில், திடீரென எழுந்த அலைகள் ஐந்து மருத்துவ மாணவர்களின் உயிரைப் பறித்தன. எங்கோ தொலைவில் உருவாகி வரும் இந்தப் பெருக்கைக் கேரள மீனவர்கள் கள்ளக்கடல் என்கிறார்கள். ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையம் அதற்கு முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. படப்பிடிப்புக்கு முந்தின நாள் இரவு கால்ஷீட்டைப் பார்ப்பதுபோல் அந்த எச்சரிக்கையையும் பார்க்க வேண்டும். கரையில் நடக்கும் சண்டைக்காட்சிகளும் சும்மா இல்லை. நாகப்பட்டினம் மாவட்டத்துக் கடலோர ஊரான விழுந்தமாவடியில் 2025 ஜூலையில் கார் சாகசக் காட்சியின்போது சண்டைக் கலைஞர் ஒருவர் உயிரிழந்தார். ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும், நீச்சல் தெரிந்த உள்ளூர் ஆட்கள் எத்தனை பேர் என்ற கேள்விகள் படிவத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பதில் தயாராக இருக்க வேண்டும்.

கடலே வேண்டாம் என்று முடிவு செய்தவர்களும் உண்டு. புதுச்சேரியில் தொடங்கும் கதையான ‘லைஃப் ஆஃப் பை’ படத்துக்கு, ஆங் லீ 2011-இல் புதுச்சேரித் தெருக்களைப் படமெடுத்தார். கதையின் பெரும்பகுதி நடக்கும் கடலை மட்டும் தைவானின் தாய்ச்சுங் நகரில், பழைய விமான நிலையம் ஒன்றில் கட்டிய தொட்டியில் எடுத்தார். 17 லட்சம் கேலன் தண்ணீர், தேவைப்பட்டபோது தேவைப்பட்ட உயரத்துக்கு அலை. அவ்வளவு பணம் இருந்தால் அது சௌகரியம்.

சின்னக் குழுக்களுக்கு வேண்டியது வேறு. நியூயார்க் நகரத்தில் கையடக்கக் கேமராவோ ஸ்டாண்டோ வைத்து, நடைபாதையை மறிக்காமல், பொது இடத்தைத் தனக்கென்று ஒதுக்கச் சொல்லாமல் படமெடுப்பவருக்கு அனுமதியே தேவையில்லை என்று 2008-இல் விதி எழுதிவிட்டார்கள். எங்கே அனுமதி வேண்டாம் என்பதையும் எழுத்தில் சொல்லிவிட்டதால், கேள்வி கேட்க வரும் காவலருக்கும் குழப்பமில்லை, கேமராக்காரருக்கும் பயமில்லை. செட், லைட், ஜெனரேட்டர், ட்ரோன் எதுவும் இல்லாத ஐந்தாறு பேருக்குத் தமிழ்நாட்டுக் கரையிலும் அப்படி ஒரு கோடு வரையப்பட்டால், ஆமைக்கும் நஷ்டமில்லை, அரசுக்கும் நஷ்டமில்லை.

அதுவரைக்கும் விண்ணப்பம்தான் வழி. படத்தின் பெயர், காட்சியின் சுருக்கம், சரியான இடம், ஆட்கள் எத்தனை, வண்டிகள் எத்தனை, ஜெனரேட்டர் உண்டா, வெடி உண்டா, விலங்கு உண்டா என்று ஒளிக்காமல் எழுத வேண்டும். ‘சென்னைக் கடற்கரை’ என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல் எந்தக் குப்பம், எந்தப் படகுத்துறை என்று குறிப்பிட்டால் கோப்பு சரியான மேசைக்குப் போகும். சில வாரங்களுக்கு முன்பே கொடுப்பது நல்லது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால், அந்த மாதங்களில் கேட்பவர்கள் மாற்றுத் தேதி ஒன்றையும் அதே தாளில் எழுதிவைத்தால், புயல் வந்த பிறகு வரிசையில் முதலில் இருந்து நிற்க வேண்டியிருக்காது.